பி45 மௌத்பீஸுக்கு எந்த ரீட்? லிகேச்சரை மாற்றினால் நாதம் மாறுமா?

கேள்வி: பெரம்பூரில் வசிக்கிறேன். எங்கள் ஆலயப் பாடகர் குழுவுடன் ஞாயிறுதோறும் கிளாரினெட் வாசிக்கிறேன். சென்ற ஆண்டு முதல் மயிலாப்பூரில் ஓர் ஆசிரியரிடம் கர்நாடக இசையும் கற்று வருகிறேன். இதுவரை யமஹா 4சி மௌத்பீஸில் (வாயில் வைத்து ஊதும் முனை) ரிகோ நிறுவனத்தின் 2.5 எண் ரீட் (நாணல் தண்டில் சீவிய, அதிரும் நாக்கு) போட்டு வாசித்தேன். துபாயிலிருந்து வந்த மைத்துனர் வாண்டோரன் நிறுவனத்தின் பி45 மௌத்பீஸ் ஒன்றைப் புதிதாக வாங்கித் தந்தார். குழுவில் மூத்தவர் ஒருவர், பெரிய மௌத்பீஸுக்குக் கனமான ரீட் போட்டால்தான் நாதம் நிறையும் என்று சொன்னதால், வி12 வகையில் 3.5 வாங்கினேன். அன்று முதல் ஒலியில் காற்றுச் சத்தம் கலக்கிறது. அரை மணி நேரத்தில் தாடை வலிக்கிறது. மேல் ஸ்தாயி உடனே எழுவதில்லை, சில வேளை கீச்சிடுகிறது. லிகேச்சர்தான் சரியில்லை என்று எண்ணி, உலோக லிகேச்சரை (ரீட்டை மௌத்பீஸோடு இறுக்கும் பட்டை) விட்டுத் துணி லிகேச்சர் வாங்கினேன். முதல் நாள் நன்றாக இருந்தது, பிறகு பழைய கதைதான். அடுத்து எந்த லிகேச்சர் வாங்குவது? ஒரே மௌத்பீஸில் இரண்டு வகை இசையையும் வாசிக்க முடியுமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

இப்போதைக்கு எந்த லிகேச்சரையும் வாங்க வேண்டாம். உங்கள் மௌத்பீஸிலும் குறை இருப்பதாகத் தோன்றவில்லை. நீங்கள் எழுதியுள்ள நான்கு தொல்லைகளும் அந்த மௌத்பீஸுக்கு 3.5 ரீட் பொருந்தாததால் வருபவை என்றே கருதுகிறேன். அதைச் செலவில்லாமல் சோதிக்க ஒரு வழி உண்டு. பழைய ரிகோ 2.5 ரீட்டில் நல்ல நிலையில் உள்ள ஒன்றை எடுத்து பி45 மீது பொருத்தி, பழைய உலோக லிகேச்சரையே மாட்டி, பத்து நிமிடம் வாசியுங்கள். ஒலி சற்று மெலிந்தோ பரந்தோ கேட்கலாம், ஆனால் காற்றுச் சத்தம் குறைந்து மேல் ஸ்தாயி எளிதாக எழுந்தால், தொல்லை ரீட்டில்தான் என்பது உறுதியாகிவிடும்.

நாகஸ்வரத்தின் சீவாளி இரட்டை நாக்கு கொண்டது. அதன் இரண்டு நாக்குகளும் ஒன்றோடொன்று மோதி அதிர்வதால், அதற்கு மௌத்பீஸ் என்ற ஒன்று தேவைப்படுவதில்லை. கிளாரினெட் ரீட் ஒற்றை நாக்கு. எதிரே இருக்கும் கெட்டியான வளைவின் மீது சாய்ந்து மூடித் திறந்தால்தான் அதற்கு ஒலி. அந்த வளைவு எங்கே தொடங்குகிறது, நுனியில் எவ்வளவு இடைவெளி விட்டு முடிகிறது என்ற இரண்டு அளவுகளே, எந்த விறைப்புள்ள ரீட் அதில் பேசும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. நுனி இடைவெளி உங்கள் பழைய 4சி மௌத்பீஸில் 1.05 மில்லிமீட்டர், பி45 மௌத்பீஸில் 1.195 மில்லிமீட்டர். வித்தியாசம் நாம் எழுதும் ஒன்றரைத் தாளின் கனத்துக்கு மேல் இராது. கண்ணுக்கு அது ஒன்றுமில்லை, உதட்டுக்கு மிகப் பெரிது.

ஏன் பெரிது என்பதைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் உங்கள் குழுவில் மூத்தவர் தந்த ஆலோசனை தவறுவது இந்த இடத்தில்தான். ரீட்டை முழுவதுமாக மௌத்பீஸோடு ஒட்ட வைக்கத் தேவைப்படும் காற்றழுத்தம், ரீட்டின் விறைப்பையும் நுனித் திறப்பையும் பெருக்கினால் வரும் அளவைப் பொறுத்தது. ஒலி தொடங்குவதற்கே அந்த அழுத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேண்டும். ரீட்டை அப்படியே வைத்துக்கொண்டு 4சியிலிருந்து பி45க்கு மாறியிருந்தால்கூட, திறப்பு மட்டுமே சுமார் 14 விழுக்காடு கூடியிருக்கும். நீங்கள் திறப்போடு விறைப்பையும் சேர்த்துக் கூட்டிவிட்டீர்கள். அதிலும் ரிகோவின் 2.5 வாண்டோரனின் 2.5ஐவிட மென்மையானது. நிறுவனத்துக்கு நிறுவனம் எண் வேறுபடுவதால், காகிதத்தில் ஒரு எண் தாவியதாகத் தெரிவது உண்மையில் ஒன்றரை எண் தாவியதற்குச் சமமாகக்கூட இருக்கலாம். இந்தக் கூடுதல் அழுத்தத்தை நுரையீரல் தர முடியாதபோது தாடை தருகிறது, அதாவது ரீட்டைக் கடித்துத் திறப்பைக் குறைத்துக்கொள்கிறீர்கள். தாடை வலிக்குக் காரணம் அதுதான். கடித்தும் முழுதாக மூடாத இடைவெளியில் வீணாகும் காற்றுத்தான் உங்களுக்குக் கேட்கும் இரைச்சல்.

'கனமான ரீட்' என்று சொல்வதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள 2.5, 3, 3.5 என்பவை கனத்தைக் குறிப்பவை அல்ல. ஒரே வகையைச் சேர்ந்த ரீட்டுகள் எல்லாம் ஒரே வடிவில், ஒரே அளவில்தான் சீவப்படுகின்றன. சீவி முடித்த பிறகு ஒவ்வொன்றும் எவ்வளவு வளைகிறது என்று இயந்திரத்தால் அளந்து, அதன்படி பிரித்து எண் இடுகிறார்கள். தண்டின் இயற்கையான உறுதியில் உள்ள வேறுபாடுதான் அந்த எண். கனம் மாறுவது வகைக்கு வகை: வாண்டோரனின் நீலப் பெட்டியில் வரும் வழக்கமான ரீட்டின் அடிப்பகுதி 2.8 மில்லிமீட்டர், வி12 ரீட்டின் அடிப்பகுதி 3.15 மில்லிமீட்டர். அதனால்தான் வி12 ஒலியில் சற்று உடல் கூடித் தெரிகிறது. நாதம் நிறைய வேண்டும் என்ற உங்கள் விருப்பத்துக்கு வி12 வகையைத் தேர்ந்தது பொருத்தமே. எண்ணை உயர்த்தியதுதான் தேவையில்லாதது.

பொதுவாக, திறப்பு குறைந்த மௌத்பீஸுக்கு விறைப்பான ரீட்டும், திறப்பு கூடிய மௌத்பீஸுக்கு மென்மையான ரீட்டும் பொருந்தும். வாண்டோரனிலேயே எம்13 லைர் மௌத்பீஸின் திறப்பு 1.02 மில்லிமீட்டர். மேற்கத்திய இசைக்குழுக்களில் வாசிப்பவர்கள் அதில் 3.5, 4 என்று போட்டுச் சுலபமாக வாசிப்பதைக் கேட்டுத்தான் இந்த 'எண் கூடினால் தேர்ச்சி கூடும்' என்ற எண்ணம் நம்மிடம் பரவியிருக்க வேண்டும். அவர்கள் வாசிக்கும் மௌத்பீஸ் என்ன என்று எவரும் கேட்பதில்லை. பி45க்கு நான் பரிந்துரைப்பது வி12 வகையில் 2.5 அல்லது 3. நீங்கள் முதலில் 2.5 வாங்குங்கள். இரண்டு வாரத்தில் அது உதட்டுக்கு அடங்கி, பலமாக ஊதும்போது வாய் அடைத்துப் போவதுபோல் ஒலி சுருங்கினால், அப்போது 3க்குச் செல்லலாம். இறங்கி ஏறுவது எளிது, விறைப்பான ரீட்டில் பழகிய கடியை விடுவதுதான் கடினம்.

ரீட்டை மாற்றிய அன்றே வாயில் வைக்கும் இடத்தையும் சரிபார்க்க வேண்டும். பி45 மௌத்பீஸில் வளைவு தொடங்கும் இடம் 4சியில் உள்ள அதே இடத்தில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு மெல்லிய தாளைக் கீற்றாகக் கத்தரித்து, ரீட்டுக்கும் மௌத்பீஸுக்கும் நடுவே நுனியிலிருந்து மெதுவாக நுழையுங்கள். எங்கே தடைபட்டு நிற்கிறதோ அங்கேதான் ரீட் மௌத்பீஸை விட்டுப் பிரிகிறது. அந்த இடத்தில் ரீட்டின் பக்கவாட்டில் பென்சிலால் சிறு கோடு போட்டுக்கொண்டு, கீழுதடு அந்தக் கோட்டுக்கு மிக அருகில் வரும்படி வாயில் வைத்து வாசித்துப் பாருங்கள். கோட்டுக்கு வெகு முன்பே உதடு இருந்தால் நுனி மட்டும் நசுங்கி ஒலி மெலியும், கோட்டைத் தாண்டினால் கீச்சிடும். இதைப் பார்க்காமல் ரீட்டைக் குறை சொல்வோர் பலர்.

இனி லிகேச்சர். அதன் வேலை ரீட்டின் அடிப்பகுதியை மௌத்பீஸின் தட்டையான பரப்போடு சீராக ஒட்டி வைப்பது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பவை பெரும்பாலும் விளம்பரங்கள் வளர்த்த ஆசைகள். கிளாரினெட் தோன்றி முதல் நூறு ஆண்டுகள் ரீட்டை நூலால்தான் கட்டினார்கள். திருகு வைத்த உலோக லிகேச்சர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இவான் முல்லர் காலத்தில்தான் வந்தது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இன்றும் நூலால் கட்டி வாசிப்பவர்கள் உண்டு. இந்தச் செய்தி உங்களுக்கு ஒரு சோதனைக் கருவியாகவும் பயன்படும். பருத்தி நூல் கயிற்றை ரீட்டின் மீது இடைவெளி இல்லாமல் இறுக்கிச் சுற்றி முடிந்து, அதே ரீட்டில் அதே சுரவரிசையை வாசியுங்கள். நூலில் நன்றாகவும் லிகேச்சரில் மோசமாகவும் இருந்தால் லிகேச்சர் மீது ஐயப்படலாம். இரண்டிலும் ஒரே தொல்லை இருந்தால், எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் அடுத்த லிகேச்சர் உங்களைக் காப்பாற்றாது.

துணி லிகேச்சர் முதல் நாள் நன்றாக இருந்ததற்கு ஒரு விளக்கம் தோன்றுகிறது. புது லிகேச்சரை மாட்டும்போது நாம் வழக்கத்தைவிடக் கவனமாக ரீட்டை நேராக வைத்து, நுனியைப் பார்த்து, அளவாக இறுக்குகிறோம். மறுநாள் பழைய அவசரம் திரும்பிவிடுகிறது. ரீட்டின் நுனி மௌத்பீஸின் நுனியோடு ஒத்திருக்க வேண்டும், மேலே ஒரு மயிரிழை அளவு கறுப்பு தெரிந்தால் சரி. ரீட்டை அதைவிட மேலே தள்ளினால் விறைப்பாகும், கீழே இறக்கினால் மென்மையாகும். அரை மில்லிமீட்டர் நகர்த்துவது, சில வேளைகளில் லிகேச்சரையே மாற்றுவதைவிட அதிக வித்தியாசம் காட்டும். லிகேச்சரின் மேல் விளிம்பு மௌத்பீஸில் செதுக்கியிருக்கும் கோட்டைத் தாண்டி மேலே ஏறக் கூடாது. இரண்டு திருகுகள் உள்ளதானால் கீழ்த் திருகை உறுதியாகவும், மேல் திருகை ரீட் நகராத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். ஊறிய தண்டை அளவுக்கு மேல் இறுக்கினால் அது நடுவில் குழிந்து, பக்கவாட்டில் காற்று கசியும். உங்கள் பழைய உலோக லிகேச்சர் 4சிக்காக வந்தது என்றால், பி45இன் சுற்றளவுக்கு அது சரியாக உட்காருகிறதா, பாதியில் சிக்கி நிற்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். நன்கு உட்கார்ந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

உலோகம், தோல், துணி என்று மாற்றும்போது ஒலியில் மாறுதலே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மாறுதல் உண்டு, ஆனால் அது வாசிப்பவரின் பல்லுக்கும் காதுக்கும் தெரியும் அளவு கேட்பவருக்குத் தெரிவதில்லை. நம்பிக்கை இல்லையென்றால், ஞாயிறு ஆராதனைக்கு முன் ஆலயத்தின் கடைசி வரிசையில் நண்பர் ஒருவரைத் திரும்பி உட்காரச் சொல்லி, எந்த லிகேச்சர் என்று சொல்லாமல் இரண்டிலும் வாசித்துக் காட்டுங்கள். அவரால் சரியாகச் சொல்ல முடிந்தால் எனக்கு எழுதுங்கள்.

கசிவைக் கண்டறிய இன்னொரு சோதனையை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ரீட்டும் லிகேச்சரும் பொருத்திய மௌத்பீஸைத் தனியே எடுத்து, அடித்துளையை உள்ளங்கையால் அடைத்து, மறுமுனையில் வாய் வைத்துக் காற்றை உள்ளிழுத்து, வாயை எடுத்துவிடுங்கள். ரீட் ஓரிரு நொடி ஒட்டியிருந்து 'டப்' என்று விடுபட்டால் பொருத்தம் நன்று. ஒட்டவே இல்லையென்றால் ரீட்டின் அடிப்புறம் நெளிந்திருக்கலாம், லிகேச்சர் சாய்ந்திருக்கலாம், மௌத்பீஸின் விளிம்பில் சிறு சேதம் இருக்கலாம். மூன்று வெவ்வேறு ரீட்டுகள் ஒட்டாமல் போனால்தான் மௌத்பீஸைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது நுனி விளிம்பையும் பக்க விளிம்புகளையும் ட்யூப் லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, நகத்தால் மெல்லத் தடவுங்கள். கண்ணுக்குத் தெரிந்த ஒரு சில்லு உடைந்திருந்தாலே கீச்சுக்கு அது போதும்.

சென்னையில் இருப்பவர்களுக்கு ரீட் விஷயத்தில் ஒரு தனித் தொல்லை உண்டு. பிரான்சின் தென்பகுதியில் உள்ள வார் மாவட்டத்தில் விளைந்து, அங்கேயே உலர்ந்து வரும் தண்டு இது. நம் ஊரின் கடற்காற்றில் ஊறியும், குளிர்சாதன அரங்கில் திடீரென உலர்ந்தும் நெளிந்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நனைந்த ரீட்டை அப்படியே பிளாஸ்டிக் உறையில் செருகி வைத்தால், சில நாட்களிலேயே அடியில் கரும்புள்ளிகள் விழும். வாசித்து முடித்ததும் துடைத்து, மின்விசிறிக் காற்றில் சற்று ஆறவிட்டு, கண்ணாடியோ தட்டையான பரப்போ உள்ள ரீட் பெட்டியில் வையுங்கள். வாசிக்கும் முன் நுனி அலை அலையாக நெளிந்திருந்தால் பதற வேண்டாம். இரண்டு நிமிடம் நீரில் ஊறினால் பெரும்பாலும் தானே நேராகிவிடும்.

நாகஸ்வரக் கலைஞர்கள் வாத்தியத்தில் பல சீவாளிகளைக் கட்டித் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அன்றைய காற்றுக்கும் அன்றைய கச்சேரிக்கும் எது பேசுகிறதோ அதை எடுப்பார்கள். கிளாரினெட்காரர்கள் மட்டும் ஏனோ ஒரே ரீட்டை அது சாகும் வரை ஊதுகிறோம். நான்கு ரீட்டுகளின் அடியில் பென்சிலால் எண்ணிட்டு, நாளுக்கு ஒன்றாக மாற்றி வாசியுங்கள். புது ரீட்டை முதல் சில நாட்கள் பத்து நிமிடத்துக்கு மேல் ஊத வேண்டாம். பத்து ரீட் உள்ள பெட்டியில் எல்லாம் ஒன்றுபோல் இராது. பேசாத ஒன்றைத் தூக்கி எறியும் முன், மௌத்பீஸை வாயில் சற்றே வலப்பக்கமும் பிறகு இடப்பக்கமும் திருப்பி, ரீட்டின் ஒரு பாதி மட்டும் அதிரும்படி ஊதிப் பாருங்கள். எந்தப் பாதி அடைத்துக்கொண்டு ஒலிக்கிறதோ அந்தப் பக்கம் விறைப்பு கூடியது. கண்ணாடித் துண்டின் மீது ரீட்டை வைத்து, 600 எண் உப்புத்தாளை விரல் நுனி அளவுக்கு மடித்து, அந்தப் பக்கத்தில் நுனிக்குச் சற்றுக் கீழே நாலைந்து முறை மெல்லத் தேய்த்து, மீண்டும் ஊதிப் பாருங்கள். கைவசம் உள்ள 3.5 ரீட்டுகளை இந்தப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். சவரப் பிளேடால் சுரண்ட வேண்டாம்.

பிளாஸ்டிக் ரீட் பற்றி நீங்கள் கேட்கவில்லை. லெஜேர் போன்ற செயற்கை ரீட்டுகள் ஈரத்தால் பாதிக்கப்படுவதில்லை என்பதால் சென்னைக்கு வசதியானவைதான், கால் எண் இடைவெளியில்கூடக் கிடைக்கின்றன. ஆனால் விலை அதிகம். உங்களுக்குப் பொருந்தும் விறைப்பு எது என்று தண்டு ரீட்டில் தெளிவாகத் தெரிந்த பிறகு அந்தப் பக்கம் போகலாம்.

இரண்டு இசையையும் ஒரே மௌத்பீஸில் வாசிக்க முடியுமா என்ற கேள்விக்கு, பி45 ஏற்றதே என்பது என் கருத்து. கர்நாடக இசையில் கமகம் வருவது விரலைத் துளையில் பாதி திறந்து வழுக்குவதாலும், உதட்டால் சுரத்தை வளைப்பதாலும்தான். திறப்பு கூடிய மௌத்பீஸில் மென்மையான ரீட் போட்டால் சுரம் உதட்டுக்கு எளிதில் வளையும். 3.5 ரீட்டில் அது அசையாமல் நிற்பதை உங்கள் ஆசிரியர் ஏற்கெனவே சுட்டிக்காட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். 2008ஆம் ஆண்டு மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்ற கிளாரினெட் கலைஞர் ஏ.கே.சி. நடராஜன் அவர்களின் வாசிப்பைக் கேட்டவர்களுக்கு, இந்த வாத்தியத்தில் தோடி ராகத்தின் காந்தார சுரத்தைக்கூட அசைக்க முடியும் என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

வளையும் ரீட் தானாகவும் வளையும் என்பதுதான் ஆலயத்தில் உங்களுக்குச் சிக்கல். மென்மையான ரீட்டில் பலமாக ஊதினால் மேல் ஸ்தாயி சுருதி இறங்கும், கீபோர்டு உங்களுக்காக இறங்காது. இதுவரை கடித்து வாசித்ததால் சுருதி ஏறியிருந்திருக்கும், அதை ஈடுகட்ட பேரலை (மௌத்பீஸுக்கு அடுத்துள்ள குட்டைக் குழல்) வெளியே இழுத்து வைத்திருப்பீர்கள். 2.5க்கு மாறியதும் பேரலை முழுதாக உள்ளே தள்ளி, டியூனரை 440இல் வைத்துப் புதிதாகச் சுருதி பாருங்கள். குளிர்சாதனம் இல்லாத ஆலயத்தில் சித்திரை வெயிலில் வாத்தியம் சூடேறிச் சுருதி தானே உயரும், அப்போது சிறிது இழுத்துக்கொள்ளலாம். ஒரே பெட்டியிலிருந்து தேறிய ரீட்டுகளில் சற்று விறைப்பானவற்றை ஞாயிற்றுக்கிழமைக்கும், மென்மையானவற்றை மயிலாப்பூர் வகுப்புக்கும் ஒதுக்கினால் இரண்டு மௌத்பீஸ் தேவைப்படாது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஒரு மணி நேரம் நீளும் வாசிப்பில் ரீட் ஊறி மேலும் மென்மையாகும். ஆகவே ஆலாபனையின் தொடக்கத்தில் மிகச் சுகமாக இருக்கும் ரீட்டைவிட, சிறிது எதிர்ப்பு காட்டும் ரீட்டே கடைசி வரை சுருதியில் நிற்கும்.

துணி லிகேச்சர் வாங்கி அதிக நாள் ஆகவில்லையென்றால், கடையில் கேட்டு, அதற்குப் பதிலாக வி12 இல் 2.5 ஒரு பெட்டி தருவார்களா என்று பாருங்கள். திருப்பி எடுக்க மறுத்தால் அதையே மாட்டிக்கொள்ளுங்கள், அதில் குறையொன்றும் இல்லை. 4சி மௌத்பீஸை மட்டும் யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். புது ரீட்டில் ஏதேனும் ஐயம் வரும்போதெல்லாம் அதில் பொருத்தி ஊதிப் பார்த்தால், குறை ரீட்டிலா பி45இலா என்பது உடனே தெரிந்துவிடும்.